அறுபதில் நின்ற முள்

அந்தப் பட்டறைக்காரரை எல்லோரும் ஏணி என்றுதான் கூப்பிட்டார்கள். ஆள் ஒன்றும் உயரமில்லை, ஐந்தடி மூன்றங்குலம். அவர் கைபட்டு வெளியே போகிற ஜீப்பில் ஏற வேண்டுமென்றால் கூடவே ஒரு ஏணியும் வாங்க வேண்டும் என்று தங்கையின் கணவர் எப்போதோ கேலி செய்தார். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. பட்டறையின் தகரப் பலகையில் எழுதியிருந்த சொந்தப் பெயர் வெயிலில் வெளுத்துப்போன பிறகு அதற்கு மறுபடி சாயம் பூச வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவருக்கும்தான்.

ஜீப்புகளைத் தூக்குவதுதான் அவருடைய தொழில். கல்லிலும் சேற்றிலும் ஓட வேண்டிய வண்டிகள் அவரிடம் வரும். ஜாக்கி போட்டு நிறுத்தி, நான்கு சக்கரத்தையும் கழற்றி, பழைய ஸ்பிரிங்குகளை எடுத்துவிட்டு நீளமானவற்றை மாட்டுவார். ஷாக் அப்சார்பரை மாற்றுவார். சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது பிரேக் குழாய் இழுபட்டு அறுந்துவிடாமல் இருக்கிறதா என்று படுத்தபடியே விரலால் தடவிப் பார்ப்பார். பெரிய டயர் உரசாதபடி மட்கார்டின் ஓரத்தை அறுத்து, அரம் போட்டு மழுக்குவார். மூன்று நாள் வேலை. நான்காம் நாள் வண்டி ஒரு முழம் வளர்ந்து நிற்கும்.

கடைசியாக ஒரு வேலை உண்டு. வேறு பட்டறைகளில் யாரும் அதைச் செய்வதில்லை. வேகம் காட்டும் வட்டத்தின் ஓரத்தில் வெள்ளை நாடா ஒன்றை வளைத்து ஒட்டி, கறுப்பு மையில் சின்னச் சின்ன எண்களாக எழுதுவார். பெரிய டயர் ஒரு சுற்றில் அதிக தூரம் போய்விடும். முள்ளுக்கு அது தெரியாது. அது பழைய டயரின் கணக்கிலேயே வேகத்தைக் குறைத்துக் காட்டிக்கொண்டிருக்கும். முள் ஐம்பதில் நின்றால் உண்மையில் எவ்வளவு, அறுபதில் நின்றால் எவ்வளவு என்பதுதான் அந்த நாடா. அது ஒட்டாமல் பதினோரு வருடத்தில் ஒரு வண்டிகூட அவர் வாசலைத் தாண்டியதில்லை. பக்கத்துக் கொட்டகை வெல்டர் அதைப் பார்த்து, "மாப்பிள்ளைக்குப் பொட்டு வெச்சாச்சா?" என்று கேட்பார்.

அவர் ஓட்டுவதோ ஒரு பழைய மொபெட். ஊரையெல்லாம் தூக்கிவிட்டுவிட்டுத் தான் மட்டும் தரையோடு தரையாகப் போகிறவர் என்று அதற்கும் ஒரு கேலி உண்டு. அதுவும் தங்கையின் கணவர் உபயம்.

தங்கையின் கணவர் நில அளவையாளர். எண்ணைத் தவிர எதையும் நம்பாத மனிதர். பாதை இல்லாத இடங்களுக்கு அளக்கப் போவதற்காக ஒரு ஜீப் வைத்திருந்தார். நல்ல சாலையிலும் அறுபதைத் தாண்ட மாட்டார். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்துக் களைத்துப்போவார்கள். மகளுக்கு மூன்று வயதானதிலிருந்து முன் இருக்கையில் உட்கார்ந்து முள்ளைப் பார்ப்பது அவள் பொறுப்பு. முள் அறுபதைத் தொட்டதும் "அறுபது" என்பாள். அவர் காலை எடுத்துவிடுவார். முதலில் அது எண் கற்றுக்கொடுக்கும் விளையாட்டாக இருந்தது. அவளுக்குப் பதினைந்து வயதான பிறகும் இரண்டு பேரும் அதை விடவில்லை.

போன மழைக்காலத்தில் வண்டியின் அடிவயிறு கல்லில் மோதி எண்ணெய்த் தொட்டி ஓட்டையானது. அவர் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார்.

"மச்சான், கொஞ்சம் தூக்கி விடுங்க. டயர் முப்பத்திரண்டு போதும். ரொம்ப வேணாம், உங்க தங்கச்சி ஏற மாட்டா."

"நீங்க வீட்டுக்குப் போங்க மாப்ள. அதெல்லாம் நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டதுதான் வினையாயிற்று. பழைய டயர் இருபத்தெட்டு அங்குலம். அவர் கேட்டது முப்பத்திரண்டு. ஏணி போட்டது முப்பத்தைந்து. தன் வீட்டு மாப்பிள்ளையின் வண்டி ஊரான் வண்டியைவிட ஒரு பிடி உயரமாக நிற்க வேண்டும் என்று ஒரு ஆசை. வண்டியை எடுக்க வந்தவர் இரண்டு முறை சுற்றிவந்து பார்த்தார்.

"என்ன மச்சான், மாடி கட்டி வெச்சிருக்கீங்க?"

ஆனாலும் அவருக்கு அது பிடித்திருந்தது. வண்டியை எடுக்கிற நேரத்தில் நாடாவில் எழுதும் பேனாவில் மை காய்ந்துபோயிருந்தது. வேறொருவர் வண்டியாக இருந்தால் ஏணி பத்து நிமிடம் நிறுத்தி, கடைக்குப் போய்ப் பேனா வாங்கி வந்திருப்பார். இது வீட்டு வண்டி. ஞாயிற்றுக்கிழமை சாப்பிடப் போகும்போது ஒட்டிக்கொள்ளலாம், அப்போதே விஷயத்தையும் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டார். அந்த ஞாயிறும் போனார், அடுத்த ஞாயிறும் போனார். சாப்பாடு, பேச்சு, சிரிப்பு. நாடா நினைவுக்கே வரவில்லை.

ஆறாவது வாரம், பகல் பதினொரு மணிக்கு, ஒரு வளைவில் வண்டி கவிழ்ந்தது. அந்த வளைவின் பலகையில் அறுபது என்றுதான் போட்டிருந்தது. அப்பாவுக்கு அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. பெண்ணுக்குத் தோளில் ஒரு கீறல்.

வண்டியை இழுத்துவந்து போட்ட இடத்துக்கு ஏணி அன்று மத்தியானமே போனார். கண்ணாடி நொறுங்கியிருந்தது. வேகவட்டம் மட்டும் முழுசாக இருந்தது. அதன் ஓரம் வெறுமையாக இருந்தது. அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். மைத்துனர் செத்த துக்கம் என்று சுற்றி நின்றவர்கள் தண்ணீர் கொடுத்தார்கள்.

சாலையில் டயர் தேய்ந்து விழுந்த கோடுகளை அளந்த வண்டி ஆய்வாளர், வேகம் எழுபத்தைந்துக்குக் குறையாது என்று எழுதினார். பெண் அறுபது என்றாள். மூன்று முறை கேட்டார்கள். மூன்று முறையும் அறுபதுதான்.

"நான் சொன்னேன், அப்பா காலை எடுத்தாரு."

துக்கம் கேட்க வந்தவர்கள் அடுக்களை வரைக்கும் கேட்கும்படி பேசினார்கள். ஆமை மாதிரி ஓட்டிக்கொண்டிருந்த மனுஷன் கடைசியில் பறந்திருக்கிறார் என்றார் ஒருவர். பாவம், அப்பாவைக் காப்பாற்றப் பிள்ளை பொய் சொல்கிறது என்றார் இன்னொருவர். பெண்ணின் பெரியப்பா அவள் தலையைத் தடவிக்கொண்டே, "விடும்மா, வேற எங்கயோ பராக்குப் பாத்திருப்பே, சொல்ல விட்டுப்போயிருக்கும்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அன்றிலிருந்து அவள் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தாள். மணி சொல்வாள். பிறகு எழுந்து பக்கத்தில் போய் நின்று சரிபார்ப்பாள்.

ஏணி வெல்டரிடம் மட்டும் சொன்னார். வெல்டர் முகமூடியைத் தூக்கிவிட்டார்.

"போனவர் வந்து கேக்கப் போறாரா? உனக்கு இருக்கறது ஒரு தங்கச்சி. அதையும் தொலைச்சுட்டு நிக்கப் போறியா? வாயை மூடிட்டு வேலையைப் பாரு."

வாயை மூடிக்கொண்டார். வேலைதான் ஓடவில்லை. ஒரு வண்டிக்கு நாடாவில் எழுதும்போது எண்கள் கோணின. கிழித்துவிட்டு மறுபடி எழுதினார்.

இருபத்தாறாம் நாள் தங்கை கூப்பிட்டாள்.

"அண்ணா, இவளைக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயேன். கண்ணு சரியில்லைனு அவளே சொல்றா. நாலு நாளா ஒரே பிடிவாதம்."

அவளை மொபெட்டின் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனார். டாக்டரின் அறையில் அவள் ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, பலகையின் கடைசி வரி வரை தடங்கலில்லாமல் வாசித்தாள். மறு கண்ணாலும் வாசித்தாள். டாக்டர் சிரித்தார்.

"கண்ணாடி போட ஆசையா? உனக்கு அந்தப் பாக்கியம் இல்லைம்மா. கழுகுக் கண்ணு."

மாடிப்படியில் இறங்கும்போது அவள் பாதியில் நின்றாள்.

"கண்ணு சரியா இருக்குன்னா தப்பு எங்க மாமா? நான் லேட்டா சொன்னேனா?"

ஏணி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். கீழேயிருந்து யாரோ ஒருவர் மேலே வர வழி கேட்டார். ஒதுங்கி வழிவிட்டார்கள். அவர் போனபிறகு ஏணி இரண்டு படி இறங்கித் திரும்பினார்.

"பட்டறைக்கு வா. ஒண்ணு காட்டணும்" என்றார்.

அவள் அப்பாவின் பழைய டயர் ஒன்று பட்டறைப் பரணில் இருந்தது. அதை இறக்கினார். முப்பத்தைந்து அங்குல டயர் ஒன்றையும் உருட்டிவந்தார். இரண்டிலும் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு, தரையிலும் ஒரு கோடு போட்டு, பழையதை ஒரே ஒரு சுற்று உருட்டி நிறுத்தினார். பிறகு பெரியதை. அளவு நாடாவை அவளிடம் கொடுத்தார். அளப்பது அவளுக்குச் சொல்லித் தர வேண்டிய விஷயமில்லை. ஏழடி நாலங்குலம். ஒன்பதடி இரண்டங்குலம். தரையிலேயே குந்தி உட்கார்ந்து வகுத்தாள், பெருக்கினாள்.

"அறுபதுன்னா எழுபத்தஞ்சு" என்றாள்.

"ஆமா. நீ பாத்தது சரி. ஆய்வாளர் சொல்றதும் சரி. எல்லா வண்டிக்கும் எழுதி ஒட்டுவேன். உங்க வண்டிக்கு ஒட்டல. உங்கப்பாகிட்ட வாயால சொல்லவும் இல்லை."

அவள் தரையில் எழுதிய எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெல்டர் மெஷினை அணைத்திருந்தார்.

"மாமா, இது உங்களுக்கு எப்போ தெரியும்?"

"அன்னைக்கு மத்தியானமே."

"இருபத்தாறு நாள்."

அவள் எழுந்து பாவாடையில் ஒட்டிய சுண்ணத்தைத் தட்டிக்கொண்டாள்.

"அம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும். நான் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க."

அவர்கள் வீடு போய்ச் சேர்ந்தபோது தங்கை அறையில் கணவரின் சட்டைகளை மடித்து ஒரு பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். அவர் நின்றுகொண்டே சொன்னார். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. சொல்லி முடித்தபோது பெட்டியில் இன்னும் இரண்டு சட்டைகள் சேர்ந்திருந்தன.

"முப்பத்தஞ்சு அவரா கேட்டாரு?"

"இல்லை. அவர் முப்பத்திரண்டுதான் கேட்டாரு."

"முப்பத்திரண்டுன்னா?"

"அறுபத்தெட்டு, அறுபத்தொன்பது வந்திருக்கும்."

"கவுந்திருக்குமா?"

"தெரியல."

பொய் சொல்லியிருக்கலாம். ஏனோ அந்த ஒரு கேள்விக்கு அவரால் முடியவில்லை. தங்கை ஒரு சட்டையின் காலரை நீவி, பொத்தானைப் போட்டாள்.

"ராத்திரியெல்லாம் உக்காந்து கையைப் பிசைஞ்சுக்கிட்டிருந்தா. நான்தான் அப்பாவைக் கொன்னேன்னு சொன்னா. நீ ஞாயித்துக்கிழமை இதே வீட்ல உக்காந்து சாப்பிட்டே. அவ கையால மோர் வாங்கிக் குடிச்சே." குரல் உயரவில்லை. "போய் எழுதிக் குடு. அவளையும் கூட்டிட்டுப் போ, அவ கண்ணால பாக்கட்டும். அதுக்கப்புறம் இங்க வராதே."

மறுநாள் காலை ஆய்வாளர் அலுவலகத்தில் ஒரு மேசையின் மூலையில் உட்கார்ந்து எழுதினார். ஆய்வாளர் தாளை வாங்கிப் படித்தார். கெட்ட மனிதர் இல்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இதை நான் வாங்கிட்டேன்னா உங்க பட்டறைக்குப் பூட்டு விழும். தெரிஞ்சுதான் எழுதினீங்களா?" என்று கேட்டார்.

"தெரியும் சார்."

"இறந்தவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"தங்கச்சி வீட்டுக்காரர்."

ஆய்வாளர் முத்திரை குத்தி ஒரு நகல் கொடுத்தார்.

வெளியே மரத்தடியில் நின்றிருந்த பெண்ணிடம் ஏணி அதை நீட்டினார். அவள் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் விரலை வைத்து நிறுத்தினாள். 'முள் அறுபதில்தான் இருந்தது. பார்த்த பிள்ளை சரியாகப் பார்த்து, சரியான நேரத்தில் சொன்னது' என்று எழுதியிருந்தார். நகலை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அழுவாள் என்று அவர் நினைத்தார். அவள் அழவில்லை.

மொபெட்டை ஸ்டாண்டிலிருந்து எடுத்து, பின் இருக்கையில் படிந்த தூசியைக் கையால் துடைத்தார்.

"நான் பஸ்ல போய்க்கறேன்" என்றாள்.

வண்டியைத் தள்ளிக்கொண்டே நிறுத்தம் வரைக்கும் அவள் பின்னால் போனார். பேருந்து வந்தது. முன்பக்கம் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அவள் அதைத் தாண்டி, கம்பிகளைப் பிடித்தபடி நடந்து, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள்.