பேரழிவு டீச்சரும் ரொட்டிக்கடை அக்காவும்

அந்த மாலை நேர ஆங்கில வகுப்புக்கு வருகிறவர்கள் எல்லோரும் பகல் முழுக்க உழைத்துக் களைத்தவர்கள். டாக்சி ஓட்டுகிறவர், கால் ஊனமான தையல்காரர், மருத்துவமனையில் தரை துடைக்கும் பெண்கள், கட்டட வேலைக்காரர்கள். சலவைக்கடைக்கு மேலே இருந்த மாடி அறையில் விளக்கைப் போட்டதும் பாதிப் பேருக்குக் கண் சொக்கிவிடும். "ரயில் நிலையம் எங்கே இருக்கிறது?" என்று பாடப்புத்தகத்தில் உள்ளதை டீச்சர் ஆங்கிலத்தில் கேட்பாள். எங்கே இருந்தால் எனக்கென்ன என்கிற மாதிரி ஒரு கொட்டாவி பதிலாக வரும்.

ஒரு நாள் வெறுத்துப்போய், லண்டன் மாநகரம் பற்றி எரிந்த கதையை எளிய ஆங்கிலத்தில் சொன்னாள். ஒரு ரொட்டிக்கடையில் பிடித்த தீ. வந்து பார்த்த மேயர், இதெல்லாம் ஒரு தீயா என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். காற்று சும்மா இருக்குமா? நாள் கணக்கில் எரிந்தது ஊர். கதை முடிந்தபோது அறையில் ஒருவர்கூடத் தூங்கவில்லை. டாக்சிக்காரர் கையைத் தூக்கி, தட்டுத்தடுமாறி ஆங்கிலத்திலேயே கேட்டார்: அந்த மேயரை அப்புறம் என்ன செய்தார்கள்? அவர் வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி அது. டீச்சருக்கு அழுகை வந்துவிட்டது.

அப்புறம் அவளைப் பிடிக்க முடியுமா? லிஸ்பன் நிலநடுக்கம், எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேய், சிகாகோவின் பெருந்தீ என்று வாரத்துக்கு ஒரு ஊரை ஒழித்துக்கட்டினாள். வகுப்பு அவளுக்குப் பேரழிவு டீச்சர் என்று பெயர் வைத்தது. பஸ் பட்டறையில் வேலை பார்க்கும் கணவர், அவள் வீடு திரும்பியதும், "இன்னைக்கு எந்த ஊரைக் கொளுத்துன?" என்று கேட்டுவிட்டுத்தான் சாப்பாடு போடுவார்.

கதையைச் சொல்வதோடு விடமாட்டாள். நடிக்கவும் வேண்டும். மேசைகள் தெருக்கள் ஆகும், மின்விசிறி காற்று ஆகும், ஆளுக்கொரு வேடம். நாடகம் தொடங்கிவிட்டால் ஆங்கிலம் தவிர ஒரு சொல் வரக்கூடாது. தாய்மொழி வாய் தவறி வந்துவிட்டால் அன்றைக்குக் கரும்பலகை துடைக்கிற வேலை அவர்களுக்கு.

அந்த வேலையே வராத ஒரே ஆள் ரொட்டிக்கடை அக்கா. காரணம், நாடகத்தில் அவள் எந்த மொழியிலும் பேசுவதில்லை. ஒரு ரொட்டிக்கடையின் பின்கட்டில் அடுப்போடு மல்லுக்கட்டுகிறவள். முன்கட்டுக் கவுண்டரில் நிற்க வேண்டும், வருகிற வெளியூர்க்காரர்களிடம் பேச வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் சேர்ந்தாள். லண்டன் தீ என்றால் ரொட்டிக்கடைக்காரர் வேடம் அவளுக்குத்தான் என்று வகுப்பே ஒருமனதாக முடிவு செய்திருந்தது. அவளோ கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"இந்த மாசத்தோட நின்னுக்கறேன் டீச்சர். என் வாய்க்கு இது வராது" என்றாள் ஒரு நாள்.

"ஒரே ஒரு வாக்கியம் முழுசா சொல்லிட்டு நின்னுக்குங்கக்கா. உங்க வாயால அதைக் கேக்காம நான் விடமாட்டேன்."

மாதம் முடியப்போகிற ஒரு மாலை, எல்லோரும் கேட்டார்களே என்று மறுபடி லண்டனைக் கொளுத்தினார்கள். நாடகம் களைகட்டியிருந்தது. கதவோரத்திலிருந்து மெல்லிய குரல் வந்தது.

"டீச்சர்... ஸ்மோக்."

டீச்சருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. முழு வாக்கியமாகச் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் கெஞ்சினாள்.  அக்கா கண்ணை மூடி வார்த்தைகளைக் கோத்துப் பார்த்தாள்.

"டீச்சர், ஸ்மோக் இஸ் கமிங் அப் த ஸ்டேர்ஸ்."

அறை கைதட்டலில் அதிர்ந்தது. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லோரையும் திருப்பிச் சொல்லச் சொன்னாள். வகுப்பே ஒரே குரலில், புகை படியேறி வருகிறது என்று ஆங்கிலத்தில் முழங்கியது. மேயராக இருந்த டாக்சிக்காரர் தொப்பையைத் தள்ளிக்கொண்டு எழுந்து, இது சின்னத் தீதான், நான் தூங்கப் போகிறேன் என்றார். சிரிப்பு அடங்கவில்லை.

அக்கா மேசையில் ஓங்கி அறைந்தாள். "அட நிஜமாவே எரியுது டீச்சர்! இங்கிலீஷைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டு எந்திரிங்க!"

கதவிடுக்கில் புகை தெரிந்தது. பின்பக்க இரும்புப் படி வழியாக இறங்கினார்கள். தையல்காரரை டாக்சிக்காரர் தோளில் போட்டுக்கொண்டார். கடைசி ஆளாக நின்ற டீச்சரை அக்கா மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். சலவைக்கடையில் துணி மேல் வைத்த இஸ்திரிப் பெட்டியை யாரோ மறந்திருக்கிறார்கள். தீயணைப்பு வண்டி வருவதற்குள் முன்படிக்கட்டு கரியாகிவிட்டது. இருமலைத் தவிர யாருக்கும் ஒன்றுமில்லை.

ஆனால் டீச்சர் உடைந்துபோனாள். "அந்த மேயரைப் பாத்து எவ்வளவு சிரிச்சிருப்பேன்? நானும் அதைத்தானே செஞ்சேன்? எரியுதுன்னு சொன்னவங்களை முழு வாக்கியமா சொல்லுன்னேன். இனிமே நான் பாடம் நடத்த மாட்டேன்" என்றாள் கணவரிடம். அவர் அன்று கேலி செய்யவில்லை. வகுப்பை நடத்துகிறவர்களுக்குப் போன் செய்து, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லிவிட்டாள். வேறு இடம் பார்த்து வகுப்பு அடுத்த வாரம் தொடங்குவதாக இருந்தது.

அதற்கு முந்தின நாள் பிற்பகல் ரொட்டிக்கடை அக்கா வீடு தேடி வந்தாள்.

"நான் நிக்கறதாச் சொன்னேன் சரி. நீங்க நிக்கப்போறதாச் சொல்றாங்களே, என்ன கதை இது?"

டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க எல்லார் உயிரையும் காப்பாத்துனீங்கக்கா. உங்களுக்கு நன்றி சொல்லக்கூட எனக்கு முகமில்ல. உங்க பேச்சைக் காதுல வாங்காம விளையாட்டு காட்டிட்டேன்."

 அக்கா பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"உங்ககிட்ட மட்டும் சொல்றேன். அடுப்படியில எத்தனையோ வருஷமா கத்துறேன், ஒருத்தரும் காதுல போட்டுக்கிட்டதில்ல. வீட்டுலயும் அதே கதைதான். அன்னைக்கு ஒரு கூட்டமே நான் சொன்னதை வார்த்தை மாறாம திருப்பிச் சொல்லுச்சு. அவங்க நாடகம்னு நினைக்கறாங்கன்னு எனக்கு அப்பவே தெரியும் டீச்சர். உடனே கத்தியிருக்கணும். ஆனா ஒரு நிமிஷம் சும்மா நின்னுட்டேன். இன்னொரு தடவ சொல்லட்டுமேன்னு இருந்துச்சு."

டீச்சர் அவள் முகத்தையே பார்த்தாள்.  காப்பாற்றியதற்குச் சொல்ல வேண்டிய நன்றியைவிட, இதைத் தன்னிடம் சொன்னதற்குச் சொல்ல வேண்டிய நன்றி பெரிதாக இருந்தது.

மறுநாள் மாலை இருவரும் ஒரே பஸ்ஸில் வகுப்புக்குப் போனார்கள்.