வண்டி வேலைக்கு வந்தவன்

ஆக்சிலேட்டரை முறுக்கிப் பிடித்திருக்கும் வரைக்கும் அப்பாவின் வண்டி ஒழுங்காக ஓடும். கையை விட்டால் படுத்துவிடும். வேகத்தடை வந்தாலோ மாடு குறுக்கே வந்தாலோ, டீக்கடை முன்னால் நிறுத்திக் குரல் கொடுக்கும்போதோ, இரண்டு முறை இருமிவிட்டு இன்ஜின் அணைந்துவிடும். இரண்டு பக்கமும் பால் கேன் தொங்கும் வண்டியை உதைத்துக் கிளப்புவது லேசில்லை. அப்பாவுக்கு முழங்கால் வேறு வீங்கியிருந்தது.

மெக்கானிக்கிடம் விட்டால் அவர் ஐடிலிங் ஸ்க்ரூவை மட்டும் திருகி ஏற்றிவிடுவார். அதற்கப்புறம் நின்ற இடத்திலும் வண்டி கத்திக்கொண்டே இருக்கும், பெட்ரோலைக் குடிக்கும். ஒரு வாரம் போனால் பழைய கதைதான். நான் பார்க்கிறேன் என்று அப்பாவிடம் பலமுறை சொன்னேன். "நீ சும்மா உள்ள இரு" என்பார்.

உள்ளேதான் இருந்தேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் பயிற்சி ஊழியனாகச் சேர்ந்தேன். ஒப்பந்தம் முடிந்ததும் அவர்கள் கைகுலுக்கி அனுப்பிவிட்டார்கள். ஊருக்கு வந்த முதல் வாரம், "லீவுல வந்திருக்கான்" என்று அப்பா தெருவில் சொன்னார். இரண்டாம் வாரமும் அதையே சொன்னார். ஒரு மாதம் ஆனதும் சொல்வதை நிறுத்திவிட்டு, பகலில் வெளியே வராதே என்று என்னிடம் சொல்ல ஆரம்பித்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். கழனி வேலைக்கும் மாட்டுக்கும் போன வீட்டில் ஒருவன் எஞ்சினியர் ஆனதை, கிரிவலப் பாதையில் இருக்கும் எங்கள் ஊர் அடி அண்ணாமலை முழுக்கச் சொல்லிவிட்டு வந்தவர் அவர். சொன்னதைத் திரும்ப வாங்க அவருக்குத் தெரியவில்லை.

அதோடு தங்கச்சிக்கு ஓர் இடம் வந்திருந்தது. பையன் கீழ்பென்னாத்தூர். நல்ல குடும்பம். தரகர் அவர்களிடம் எங்களைப் பற்றிச் சொன்ன முதல் வாக்கியமே, பெண்ணுக்கு அண்ணன் எஞ்சினியர், பெரிய கம்பெனியில் இருக்கிறான் என்பதுதான். நான் வீட்டில் உட்கார்ந்திருப்பது தெரிந்தால் அந்த இடம் கைநழுவிவிடும் என்று அப்பா நம்பினார். அம்மாவும் நம்பினாள். உண்மையைச் சொன்னால், நானும்தான்.

பௌர்ணமி வந்தது. சாயங்காலத்துக்கு மேல் கிரிவலப் பாதையில் வண்டி விடமாட்டார்கள். அதற்கு முன்பே பாதை முழுக்க இருக்கும் டீக்கடைகளுக்கு அப்பா பாலைக் கொண்டுசேர்க்க வேண்டும். அன்றைக்குத்தான் கறப்பதோடு வெளியிலிருந்தும் வாங்கி ஊற்றுவார். மத்தியானம் முதல் நடையிலேயே வண்டி நாலு இடத்தில் நின்று, கடைசியில் தள்ளிக்கொண்டு வந்தார். வாசலில் ஸ்டாண்டு போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னா வேணுமோ பண்ணு. பொழுது சாயறதுக்குள்ள ஓடணும்."

எங்கள் ஊரில் பெண் இருக்கும் வீட்டில் பௌர்ணமி அன்று யாரும் அழுக்கு லுங்கியோடு வாசலில் உட்கார மாட்டார்கள். பெண் பார்க்க முறையாக வருவதற்கு முன்னால், மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் சொல்லாமல் வந்து வீட்டை ஒரு நோட்டம் விடுவது வழக்கம். அதற்குப் பௌர்ணமியைவிட நல்ல சாக்கு கிடையாது. மலையைச் சுற்ற வந்தோம், வழியிலதானே உங்க வீடு, எட்டிப் பார்த்துட்டுப் போகலாம்னு நினைச்சோம் என்பார்கள். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அம்மா காலையிலேயே வாசலுக்கு இரண்டாம் முறை கோலம் போட்டிருந்தாள். ஆனால் பால் கெட்டுப்போகும் பயத்தில் அப்பாவுக்கு அது மறந்துவிட்டது. எனக்கோ, வெளிச்சத்தில் உட்கார்ந்து ஒரு வேலை செய்யக் கிடைத்ததே போதும் என்று இருந்தது.

பெட்ரோல் குழாயை மூடி, கார்புரேட்டரைக் கழற்றி, அடியில் இருக்கும் கிண்ணத்தைத் திறந்தேன். அடியில் சேறுபோல மஞ்சளாகப் படிந்திருந்தது. கல்லூரியில் எங்களுக்குக் காட்டியது குறுக்கே வெட்டி, உள்ளே இருக்கும் வழிகளுக்கெல்லாம் வண்ணம் அடித்து, கண்ணாடி அலமாரியில் பூட்டிவைத்த கார்புரேட்டர். அதைத் தொட விட்டதில்லை. இப்போது வரும் வண்டிகளில் கார்புரேட்டரே கிடையாது என்பதையும் அதே வகுப்பில்தான் சொன்னார்கள். பெட்ரோல் பாயும் நுண்துளை உள்ள இரண்டு ஜெட்டையும் கழற்றிப் பெட்ரோலில் ஊறவைத்து, வாயால் ஊதி, சூரியனுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். சின்ன ஜெட்டில் ஒளி தெரியவில்லை. கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும். ஆகவே ஊறவிட்டு, திரும்பத் திரும்ப ஊதினேன். வாயெல்லாம் பெட்ரோல். கடைசியில் ஊசி முனை அளவுக்கு ஒரு வெளிச்சப் புள்ளி தெரிந்தது. பல வாரங்களில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல செய்தி அதுதான்.

எல்லாவற்றையும் மாட்டி, இன்ஜின் சூடாகும் வரை ஓடவிட்டு, காற்று ஸ்க்ரூவை முழுதாக உள்ளே திருகிவிட்டு மெதுவாகப் பின்னுக்கு எடுத்தேன். இந்த வேலைக்குக் காதுதான் கருவி. காற்று குறைவாக இருந்தால் இன்ஜின் கனத்துப்போய் மூச்சு வாங்கும். ஜாஸ்தியானால் தடுமாறும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தில் சத்தம் தானாக ஏறி, ஒரே சீராக நிற்கும். அந்த இடத்தை நெருங்கிக்கொண்டிருந்தேன். ஸ்க்ரூ டிரைவரை நூல் அளவுக்குத் திருப்பிவிட்டுக் கேட்பது, மறுபடி திருப்புவது. அதனால் பின்னால் இன்னொரு வண்டி வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

அப்பாதான் முதலில் பார்த்தார். மாட்டுக்கொட்டகையிலிருந்து கேனோடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மாப்பிள்ளையின் பெரியப்பாவும் அவர் மனைவியும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெரியப்பாவுக்குக் கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை மண்டி. அந்த வீட்டில் அவர் சொல்வதுதான் முடிவு என்று தரகர் சொல்லியிருந்தார்.

"வண்டிய இங்க வுட்டுட்டு நடக்கலாம்னு பாத்தோம். உங்களுக்கு ஒண்ணும் தொந்தரவு இல்லியே?" என்றார் பெரியப்பா.

"அய்யோ, இன்னாங்க இது, வாங்க வாங்க" என்றார் அப்பா.

பெரியப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இது யாரு, உங்க பையனா?"

"இல்லீங்க" என்றார் அப்பா. "மெக்கானிக்கு. வண்டி வேலைக்கு வந்திருக்கான்."

நான் ஸ்க்ரூவிலிருந்து கையை எடுக்கவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப பையன்?"

"அவன் கம்பெனில இருக்கான். ரெண்டு நாள் லீவு கேட்டாக்கூட வுட மாட்டேங்கறாங்க."

"பெரிய கம்பெனின்னா அப்படித்தான் இருக்கும்" என்றார் பெரியப்பா. அப்புறம் என் தலைக்கு மேலேயே அப்பாவிடம் பேசினார். "பக்கத்துலயே நின்னு பாத்துக்குங்க. இவனுங்க நல்லா இருக்கறதக் கழட்டிக்கினு பழச மாட்டி வுட்ருவானுங்க."

"அதாங்க வீட்லயே குந்த வெச்சு பண்ண வெக்கறேன்" என்று அப்பா சிரித்தார்.

அம்மா எல்லாவற்றையும் வாசற்படியிலிருந்து கேட்டிருந்தாள். உள்ளே பாய் விரித்தார்கள். தங்கச்சி அவர்களுக்கு எவர்சில்வர் டம்ளரில் டீ கொடுத்தாள். அம்மா எனக்கும் டீ கொண்டுவந்தாள். கழனி வேலைக்கு வருபவர்களுக்கென்று தனியாக வைத்திருக்கும் கண்ணாடி கிளாஸில். என் முகத்தைப் பார்க்காமல் ஸ்பேனருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அவளும் நன்றாகத்தான் நடித்தாள்.

பெரியப்பா டம்ளரோடு வாசலுக்கே வந்து என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"வண்டில இன்னாப்பா?"

"காத்தும் பெட்ரோலும் அளவு ஒத்து வரலங்க. ஜெட்டும் அடைச்சிருந்துச்சு."

"என்துலயும் அதான் போல. நிறுத்துனா ஆஃப் ஆயிடுது. இதையும் ஒரு பார்வை பாத்துடேன்."

"சரிங்க."

"எத்தினாவது வரைக்கும் படிச்சே?"

அப்பா கேனின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே துடைத்த மூடி.

"பத்தாவதுங்க."

"பாஸா?"

"ஃபெயில்."

"இன்னாத்துல?"

"கணக்குல."

பத்தாவதில் எங்கள் பள்ளியில் கணக்கில் நூறு வாங்கியவன் நான் ஒருவன்தான். அதற்காகப் பள்ளியில் போர்த்திய சால்வையை அப்பா போர்த்திக்கொள்ளவும் விடாமல், விரிக்கவும் விடாமல் பீரோவில் வைத்திருந்தார்.

"அதனால இன்னா" என்றார் பெரியப்பா. "கைத்தொழில் கீது. படிச்சவன்லாம் இப்ப எங்க வேலைக்குப் போறான்? சட்ட போட்டுக்கினு வீட்ல குந்தினு கெடக்கறான்."

"ஆமாங்க" என்றேன். அப்பாவும் "ஆமாங்க" என்றார். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.

அவர் வண்டியையும் சரிசெய்தேன். அது சின்ன வேலை. யாரோ காற்று ஸ்க்ரூவை இறுக்கி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். அவர் முறுக்கிப் பார்த்து, விட்டுப் பார்த்து, என் தோளில் தட்டினார். பிறகு இருவரும் செருப்பைக் கழற்றி எங்கள் திண்ணையோரம் விட்டுவிட்டு மலைசுற்றப் புறப்பட்டார்கள்.

அவர்கள் தெருமுனை திரும்பியதும் அப்பா, "வண்டி எடுக்க வரப்ப நீ இங்க இருக்கக் கூடாது" என்றார். மெக்கானிக் வேலை முடிந்தும் வீட்டிலேயே இருந்தால் சரியாக வராது அல்லவா. மண்ணெண்ணெயில் கையைக் கழுவிக்கொண்டு நானும் கூட்டத்தில் இறங்கினேன். கிரிவலத்தில் எல்லோரும் ஒரே திசையில்தான் போவார்கள். பின்னால் நடந்தால் அவர்கள் கண்ணில் பட மாட்டேன் என்பதை மட்டும் கணக்குப் போட்டுக்கொண்டேன். வழியில் ஒரு டீக்கடையில் அப்பாவின் கேன் இறங்கியிருந்தது. வண்டி ஓடியிருக்கிறது. ஊரே அரோகரா சொல்லிக்கொண்டு போனது. பெட்ரோல் நாற்றம் அப்போதும் என் தொண்டையில் இருந்தது.

மறுநாள் அப்பாவிடம் கேட்டேன்.

"லீவுல வந்திருக்கான்னு சொல்லியிருக்கலாமில்லப்பா?"

"படிச்சவன் கிரீஸ் கையோட தெருவுல குந்தினு இருந்தா எவன்டா கம்பெனின்னு நம்புவான்?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப வாய்ல அதான் வந்துச்சு" என்றார்.

இரண்டாவதாகச் சொன்னதுதான் என்னை அதிகம் அறுத்தது. யோசித்துச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

இடம் முடிவானது. வீட்டில் சந்தோஷம். அதற்குள்ளேயே இன்னொரு சிக்கல் இருந்ததை அப்பாதான் முதலில் பேச்சில் கொண்டுவந்தார். நிச்சயத்துக்கு அந்தப் பெரியப்பா வருவார், என் முகம் அவருக்குத் தெரியும். கல்யாணத்தில் தங்கச்சி கையில் பொரி போட வேண்டியவன் கூடப்பிறந்த அண்ணன். அப்பா ஏற்கெனவே சித்தப்பா மகனிடம் பேசியிருந்தார். "உனக்கு லீவு கெடைக்கலன்னு சொல்லிக்கலாம். பொரி யாரு போட்டா இன்னா, அவனும் அண்ணன் மொறதானே." மீசையை எடுத்துவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு வருகிறேன் என்றேன். கிண்டலாகத்தான் சொன்னேன். அவர் அதையும் ஒரு நிமிடம் யோசித்தார்.

இரண்டு நாள் கழித்து மாட்டுக்குத் தீவனம் கலக்கிக்கொண்டிருந்த என்னிடம் தங்கச்சி வந்தாள். அதற்குள் அவளும் மாப்பிள்ளையும் போனில் பேசத் தொடங்கியிருந்தார்கள். அப்பாவும் அங்கேதான் இருந்தார்.

"ண்ணா, நான் அவர்கிட்ட சொல்லிட்டேன். அன்னிக்கு வண்டி பண்ணது எங்க அண்ணன்தான், இப்ப வேலை இல்லன்னு."

அப்பா வாளியைக் கீழே வைத்தார்.

"அதுக்கு அவரு, 'எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும்'னாரு. பெரியப்பா அன்னிக்குக் கோயில்லர்ந்து வந்ததுமே சொல்லிட்டாராம். அப்பனுக்கும் புள்ளைக்கும் ஒரே காது, குந்தறதும் ஒரே மாதிரி. அவரே மெக்கானிக்குன்னு சொல்லும்போது நாம ஏன் அவரை அசிங்கப்படுத்தணும், அதான் என் வண்டியையும் குடுத்துட்டேன்னாராம். ராத்திரி எல்லாரும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்களாம்." அப்புறம், "வண்டி நல்லா ஓடுதாம்" என்றாள்.

பாஸா என்று கேட்டதும், எதில் ஃபெயில் என்று கேட்டதும் தெரிந்துகொண்டே கேட்டவை. நான் சொன்ன ஒவ்வொரு பதிலையும் டீயோடு சேர்த்து உறிஞ்சியிருக்கிறார். அவர் பெருந்தன்மைக்காரரா, குசும்புக்காரரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அப்பா வாளியை எடுத்துக்கொண்டு, மாடு இல்லாத பக்கமாகப் போனார்.

நிச்சயத்தன்று நானே வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றேன். சித்தப்பா மகன் கூட்டத்தில் எங்கேயோ இருந்தான். என் கையில் கிரீஸ் இல்லை. புதுச் சட்டை. பெரியப்பா வந்தார். "வாங்க தம்பி, நல்லா இருக்கீங்களா?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு 'படிச்சே' என்று கேட்ட அதே வாய். அப்பாவைப் பார்த்து, ஒன்றும் நடக்காததுபோலத் தலையாட்டினார். அப்பா கைகளைக் குவித்தார். இனி மறைக்க யாரும் மிச்சமில்லை என்று நினைத்தேன். இவன் என் பையன், இப்போது வீட்டில் இருக்கிறான், என் வண்டியை இவன்தான் ஓட வைத்தான் என்று அப்பா ஒருவரிடமாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

மாப்பிள்ளை வீட்டு உறவுக்காரர் ஒருவர், வெளியூரிலிருந்து வந்தவர், என்னைக் காட்டி யார் என்று கேட்டார்.

அப்பா என் தோளில் கைபோட்டார். என் நினைவில் அவர் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

"என் பையங்க. எஞ்சினியரு. கம்பெனில இருக்கான். இதுக்குன்னு லீவு போட்டு வந்திருக்கான்."

பக்கத்தில் பெரியப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எந்தக் கம்பெனி தம்பி?" என்று கேட்டார் வந்தவர்.

அப்பாவின் கை தோளிலேயே இருந்தது. என்னை அனுப்பிவிட்ட கம்பெனியின் பெயரைச் சொன்னேன்.