மோட்டார் ரூமில் வளர்த்த படலம்

இரண்டாயிரத்து எட்டில், கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆராய்ச்சிப் பட்டத்துக்கு நீட்டிப்பு மேல் நீட்டிப்பு வாங்கியிருந்தேன்; இனிமேல் கிடையாது என்று பல்கலைக்கழகம் கைவிரித்துவிட்டது. கோடை முடிவதற்குள் எட்டணாக் காசு அளவுக்கு ஒரே ஒரு படலத்தை உடையாமல் செய்து வெளியூர் உயிரியல் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். இரத்தத்தில் இருக்கும் பெரிய புரதத்தையும் சின்னப் புரதத்தையும் அது பிரிக்கிறது என்று அவர்கள் சொல்லிவிட்டால் கடைசி அத்தியாயத்தை எழுதிவிடலாம். பட்டம் இல்லாதவர்களை அடுத்த வருஷம் வைத்துக்கொள்ள மாட்டோம் என்று கல்லூரியில் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்கள்.

படலம் என்பது ஒரு சல்லடைதான். அலுமினியத் தகட்டை ஐஸ் போலக் குளிர்ந்த அமிலத்தில் தொங்கவிட்டு மணிக்கணக்கில் கரண்ட் கொடுத்தால், தகடு மெல்ல மெல்லப் பீங்கானாக மாறும். அந்தப் பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் தாமாகவே நேர்நேராகக் கீழே இறங்கும். கரண்ட் நடுவில் போனால் அன்றைய பிழைப்பு அவ்வளவுதான். அந்த வருஷம் ஊரில் கரண்ட் எங்கே இருந்தது? கல்லூரி ஜெனரேட்டர் பிரின்சிபால் அறை ஏசிக்கே மூச்சு வாங்கியது. என் அமில வாளிக்கு யார் கொடுப்பார்கள்?

"எம் மோட்டார் ரூம்ல வச்சுச் செய்யேன் தாயி. அங்கன காலையில த்ரீ பேஸு கரண்டு நிக்காம வருதுல்ல" என்றார் அத்தா. அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன். பன்னீர் திராட்சைப் பந்தல் ஒன்றுதான் அவருக்கு இருந்த சொத்து. அம்மா போன பிறகு வீட்டில் இருந்த நேரத்தைவிடத் தோட்டத்தில் இருந்த நேரம்தான் அதிகம்.

மேஜை, வாளி, கரண்ட் கொடுக்கும் பெட்டி எல்லாம் அங்கே போயின. ஐஸ் பேக்டரிக்காரர் தினமும் ஒரே கேள்விதான் கேட்பார். "என்ன டீச்சரு, மீன் யாவாரம் ஆரம்பிச்சாச்சா?" கண்ணுக்குத் தெரியாத மீன் என்று சொல்லிவிட்டு, கட்டியைச் சாக்கில் சுற்றி மொபெட்டில் வைத்துக்கொண்டு வருவேன்.

முதல் நாளே கெட்டது. தகட்டுக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டிருக்கும்போது அத்தா தண்ணீர் பாய்ச்ச மோட்டாரைப் போட்டார். லைட் மங்கி எழுந்தது. அந்த ஒரு நொடியில் தகடு கருகிப்போயிற்று. எனக்கு அழுகையே வந்துவிட்டது. வேறு இடம் பார்க்கிறேன் என்று வயரைச் சுருட்டினேன்.

"எதுக்கு? நான் சாயங்காலம் பாய்ச்சிக்கிறேன். நீ காலையில செய்யி" என்றார். சரியான ஏற்பாடாகத்தான் தெரிந்தது. சாயங்காலம் நான் அந்தப் பக்கமே போனதில்லை.

எத்தனை தகடு போயிற்று என்று எண்ணவில்லை. சிலது கோணியது, சிலது எடுக்கும்போதே அப்பளமாக நொறுங்கியது. கடைசியில் ஒன்று முழுசாக வந்தது. துளைகளின் அடியில் மெல்லிய மூடி ஒன்று இருக்கும். அதை வேறொரு அமிலத்தில் கரைத்துத் திறக்க வேண்டும். கொஞ்சம் கூடினால் படலமே கரைந்துவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு அதையும் செய்தேன். பஞ்சுக்குள் வைத்துக் கூரியரில் அனுப்பிவிட்டு வந்த அன்று அத்தா பிரியாணி வாங்கி வைத்திருந்தார்.

மறுநாள் காலையிலிருந்து மோட்டார் ஓடியது. அடுத்த வாரம் திராட்சை வியாபாரி வந்தார். நானும் தோட்டத்தில் இருந்தேன். அவர் ஒரு குலையைத் தூக்கிப் பார்த்தார். பாதிப் பழம் வெடித்து, ஈ மொய்த்துக்கொண்டிருந்தது.

"என்ன ராவுத்தரே இது? காயப்போட்டுக் காயப்போட்டுத் திடீர்னு தண்ணி விட்டா வெடிக்காம என்ன செய்யும்? பக்கத்துத் தோட்டத்துல காலையில காலையில பாய்ச்சுனாக, பழம் கண்ணு மாதிரி நிக்கிது."

"சாயங்காலம் பாய்ச்சுனீங்கல்ல அத்தா?" என்று கேட்டேன்.

அத்தா குலையில் மொய்த்த ஈயை விரட்டினார். வியாபாரிதான் என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார். "இந்த லைன்ல சாயங்காலம் எப்பம்மா கரண்ட் வந்துச்சு?"

அவர் விலைகூடச் சொல்லாமல் போய்விட்டார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று அத்தாவிடம் கத்தினேன். "இருக்கட்டும் தாயி. ஒனக்கு வேலை நெலச்சுட்டாப் போதும்" என்று கத்தரியை எடுத்துக்கொண்டு பந்தலுக்குள் போனார்.

ஆய்வகத்திலிருந்து போன் வர இன்னும் பல நாள் ஆனது. பேசிய பெண் நல்ல மாதிரி. சொல்லவே தயங்கினாள். "ஒரு சொட்டுக்கூட இறங்கல மேடம். அடி தெறக்கல போலிருக்கு."

என் கணக்குப்படி எல்லாம் சரியாகத்தான் செய்திருந்தேன். எங்கே தவறியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. போனை வைத்ததும் நேராகத் தோட்டத்துக்குப் போனேன். அத்தா வெடித்த குலைகளை வெட்டிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன். கையிலிருந்த குலையைக் கூடையில் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னொரு தகடு இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்ப நாளைக்கே ஐஸ் வாங்கியாந்துரு. மோட்டாரப் போடவே மாட்டேன். இனி எதுக்குப் பாய்ச்சப் போறேன்? வர்ற கரண்ட் பூராம் ஒனக்குத்தான்."

நல்ல சேதி சொல்கிறவர் போலத்தான் அதைச் சொன்னார். பல்கலைக்கழகம் கொடுத்த கெடு முந்தின நாளோடு முடிந்திருந்தது. அதையும் சொன்னேன். அத்தா கத்தரியைக் கூடைக்குள் வைத்துவிட்டுப் பந்தல் கல்தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். அந்தக் காலையில் கரண்ட் இருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும்தான் அதை வைத்துச் செய்ய ஒன்றுமில்லை.