போல்வென்காரி எடுத்த குத்தகை

லவ்டே செனொவெத் எங்கள் ஊர் பப்பைக் குத்தகைக்கு எடுத்தபோது ஊர் அவளிடம் கண்ட ஒரே குறை, அவள் வெளியூர்க்காரி என்பது. வெளியூர் என்றதும் லண்டன் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் போர்ட்காராவின் பாறை முனையில் நின்று எட்டிப் பார்த்தால் தெரிகிறதே போல்வென், அந்த ஊர். அங்கே கொடியில் காயும் சட்டை யாருடையது என்று இங்கிருந்தே சொல்லிவிடலாம். எங்கள் ஊர் ஆளைக் கல்யாணம் செய்துகொண்டு வந்தாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டி எங்கள் பிள்ளைகளையெல்லாம் மூக்கைத் துடைத்து ஏற்றி இறக்கினாள். புருஷன் ஒரு பல் டாக்டரம்மாவோடு ஸ்பெயினுக்கு ஓடிப்போன பிறகும் இங்கேயே இருந்து தலையும் நரைத்துவிட்டது. என்ன இருந்து என்ன, அவள் போல்வென்காரிதான். கார்ன்வால் கடற்கரையில் இது ஒரு ஆயுளில் தீருகிற குற்றமில்லை.

பப்பின் பெயர் ‘நொண்டி நீர்க்காகம்’. கட்டடம் பீர் கம்பெனிக்குச் சொந்தம். பழைய குத்தகைக்காரருக்கு முழங்கால் போய்விட, நடத்த ஆள் இல்லாமல் கிடந்தது. ஒரு வருஷம் நடத்திக் காட்டு, சரியாக நடந்தால் ஐந்து வருஷத்துக்கு எழுதித் தருகிறோம், இல்லாவிட்டால் கோடையில் வந்துபோகிற பணக்காரர்களுக்கு வீடாக விற்றுவிடுவோம் என்று கம்பெனி சொன்னது. லவ்டே தன் வீட்டை விற்று, மூட்டை முடிச்சோடு பப்பின் மாடிக்குக் குடிவந்தாள். கவிழ்ந்தால் போக வேறு இடம் கிடையாது.

வந்ததும் முதல் வேலையாகத் தரைக் கம்பளத்தைச் சுருட்டி வெளியே எறிந்தாள். எத்தனையோ வருஷத்துப் பீரும் மீன் செதிலும் நாய் மூத்திரமும் குடித்த கம்பளம் அது. மறுநாள் வந்தவர்கள் வாசலிலேயே நின்று மோந்து பார்த்தார்கள்.

“என்னடாது, ஆஸ்பத்திரிக்குள்ள வந்துட்டமா?” என்றார் டிகோரி நான்ஸ்.

டிகோரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எழுபது தாண்டிய ஆள். வலை இழுத்து இழுத்துக் கழுத்தும் தோளும் ஒன்றாகிப் போனவர். வாயைத் திறந்தால் கண்ணாடிக் குவளைகள் அதிரும், அப்படியொரு அடித்தொண்டை. வெள்ளிக்கிழமை மாலைகளில் எங்கள் ஆண்கள் அந்தப் பப்பில் பாடுவார்கள். யாரும் பாடச் சொல்வதில்லை, யாரும் திரும்பிப் பார்த்துக் கேட்பதுமில்லை. நண்டு விலை, முதுகுவலி, மாமியார் என்று பேச்சு போய்க்கொண்டே இருக்கும். நடுவில் டிகோரி கீழே பார்த்தபடி ஒரு வரி எடுப்பார். மற்றவர்கள் ஏதோ தற்செயலாக நடந்தது போல் சேர்ந்துகொள்வார்கள். முடிந்ததும் பாடினோம் என்றே காட்டிக்கொள்ளாமல் நண்டு விலைக்குத் திரும்புவார்கள். நல்லா பாடினீங்க என்று சொல்லிவிட்டால் போச்சு, அன்றைக்கு அவ்வளவுதான்.

இதெல்லாம் லவ்டேவுக்குத் தெரியாதா? தெரியும். அவள் ஊரிலும் இதே வழக்கம்தான். ஆனால் கடைக்காரி ஆனதும் புத்தி கொஞ்சம் பிசகிவிட்டது. கோடை முடிந்து வெளியாட்கள் கிளம்பியதும் கடை காற்று வாங்கியது. பயத்தில் ஒரு கரும்பலகையில் சாக்பீஸால் அழகாக எழுதி வாசலில் வைத்துவிட்டாள்: ‘வெள்ளிதோறும் மீனவர் பாட்டு. அனைவரும் வருக.’

அந்த வெள்ளிக்கிழமை அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து கார் கட்டி வந்தார்கள். நாற்காலி போதவில்லை. எங்கள் ஆண்கள் வாசலில் பலகையைப் படித்தார்கள். ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள், ஆளுக்கொரு குவளை வாங்கினார்கள், சுவரைப் பார்த்துக் குடித்தார்கள், போய்விட்டார்கள். வந்த கூட்டம் டோமினோ கட்டை விழும் சத்தத்தைக் கேட்டுவிட்டு வீடு திரும்பியது.

லவ்டே ஓடிப்போய் நண்டு பிடிக்கிற கிளெமோவை மடக்கினாள். அவன் அவள் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனவன்.

“என்னடா கிளெமோ, இப்படிப் பண்ணிட்டீங்க?”

“நீதானக்கா பண்ணின. போர்டுல எழுதினா அது வேலை. வேலைன்னா நேரத்துக்கு வரணும். என் பொண்டாட்டி போர்டைப் பாத்துட்டு, பாடகரே, சட்டைய இஸ்திரி போட்டுப் போங்கன்னுட்டா. நான் மூஞ்சிய எங்க வச்சிக்கிறது?”

“போர்டை எடுத்துட்டேன்டா.”

“எடுத்தா? எழுதினது எழுதினதுதானே.”

அவள் மன்னிப்புக் கேட்டாள். நண்டு வடை சுட்டு இலவசமாகக் கொடுத்தாள். சாப்பிட்டார்கள், நன்றி சொன்னார்கள், பாடவில்லை. டிகோரி மட்டும், “உப்பு ஒரு கல்லு கம்மி” என்றார். பாட்டு நின்றதும் பேச்சும் சுருங்கியது. ஒரு குவளையோடு கிளம்பி வீட்டுக்குப் போய் டிவி பார்த்தார்கள். பாட்டுக்காக வந்தவர்களும் வருவதை நிறுத்தினார்கள். கடை விலைபோய்விடும் என்று லவ்டே வாய்விட்டே சொல்லிப் பார்த்தாள். இருநூறு வருஷமா இருக்கிற கடை எங்கே போகும் என்று ரோஷத்தோடு சிரித்தார்கள். எங்கள் ஆண்களுக்கு வீம்பு வந்துவிட்டால் மூழ்குகிற படகிலும் உட்கார்ந்தே இருப்பார்கள்.

வருஷம் முடிய இருந்தபோது கம்பெனியிலிருந்து பெட்டிஃபர் என்பவர் வந்தார். மெலிந்த மனிதர், நனையாத ஷூ. வெள்ளிக்கிழமை என்று பார்த்துத்தான் வந்தார். இந்தக் கடையின் பாட்டைப் பற்றி யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். மூலையில் அரைக் குவளையோடு உட்கார்ந்தார். மழை பெய்ததால் எங்கள் ஆண்கள் எல்லோரும் இருந்தார்கள். எல்லோருமே சும்மா இருந்தார்கள். பெட்டிஃபர் தன் கடிகாரத்தைப் பார்த்தார், காலியான நாற்காலிகளைப் பார்த்தார்.

அழுதுவிடுவோமோ என்று லவ்டே பயந்தாள். அழுவதற்குப் பதில் அவளுக்குக் கோபம் வந்தது. இந்தத் தடிமாடுகளுக்காகவா வீட்டை விற்றேன்? குவளையைத் துடைத்தபடி, யாருக்கோ என்பது போல், பீப்பாய்ப் பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தாள்.

எல்லோருக்கும் தெரிந்த பாட்டு. பிராந்திக் கப்பல் ஒன்று பாறையில் உடைகிறது, பீப்பாய்கள் கரை ஒதுங்குகின்றன, காலையில் எண்ணினால் ஒன்றைக் காணவில்லை. திருடியவன் போல்வென்காரன், ஒளித்தது அவன் பெண்டாட்டியின் பாவாடைக்குள். நாங்கள் பாடுவது அப்படி. போல்வெனில் அதைப் பாடுகிற விதம் வேறு. லவ்டே பாடியது அவள் ஊர் விதம்:

“கப்பல் ஒடைஞ்சுது, பீப்பா ஒதுங்குச்சு,
காலையில ஒண்ணைக் காணோமடி!
போர்ட்காரா ஊரு நான்சு கிழவன்
போர்வைக்குள்ள வச்சுப் போனானடி!”

கிளெமோவுக்குப் பீர் மூக்கில் ஏறியது. டிகோரியின் காது மடல் சிவந்தது. நான்சு கிழவன் என்பது வேறு யாருமில்லை, அவருடைய பாட்டனுக்குப் பாட்டன்.

“ஏ பொண்ணே,” என்றார். “அந்த வரி அப்படி இல்ல.”

“அப்படியா ராசா? எங்க ஊர்ல அப்படித்தான்.” லவ்டே அதே வரியை இன்னும் கொஞ்சம் உரக்கப் பாடினாள். நான்சுக்கு ஒரு நொண்டிக் கழுதையையும் சேர்த்துக்கொண்டாள்.

டிகோரி எழுந்தார். பெஞ்சு பின்னால் விழுந்தது. சரியான வரியை அவர் எடுத்தபோது அடுப்பங்கரைத் தட்டுகள் கிலுகிலுத்தன. கிளெமோ சேர்ந்தான், அவன் அப்பா சேர்ந்தார், டோமினோ ஆட்டம் அப்படியே நின்றது. அத்தனை ஆண்களும் ஒரு பக்கம், லவ்டே ஒருத்தி மறுபக்கம். அவர்கள் போல்வென்காரியின் பாவாடையைத் தூக்கினால் இவள் நான்சின் போர்வையை உருவினாள். அவளுக்குக் குரல் ஒன்றும் பிரமாதமில்லை, பஸ்ஸில் பிள்ளைகளை அதட்டிப் பழகிய குரல். ஆனால் பின்வாங்கவில்லை. சத்தம் கேட்டு வீடுகளிலிருந்து பெண்கள் கோட்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார்கள். வந்தவர்களில் பாதிப்பேர் ஆண்களை வெறுப்பேற்ற லவ்டே பக்கம் சேர்ந்தார்கள். அதன்பின் பீர்க் குழாய் மூடவே இல்லை. இதை அவள் திட்டம் போட்டுச் செய்யவில்லை என்று இன்றைக்கும் சத்தியம் செய்கிறாள். கிளெமோ நம்பவில்லை, நானும் நம்பவில்லை.

மூச்சு வாங்க எல்லோரும் நிறுத்தியபோது பெட்டிஃபர் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து வந்தார்.

“அற்புதம்மா! இது வாராவாரம் உண்டுதானே? வெள்ளிக்கிழமை பாட்டு நிச்சயம்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, அஞ்சு வருஷக் குத்தகைய நாளைக்கே எழுதிடலாம்.”

அத்தனை கண்களும் அவள் வாயைப் பார்த்தன. உண்டு என்றால் குத்தகை கைக்கு வரும், பாட்டு அடுத்த வாரமே செத்துவிடும். இல்லை என்றால் வீடும் இல்லை, கடையும் இல்லை. லவ்டே குவளை துடைத்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

“பாட்டா?” என்றாள். “எந்தப் பாட்டைச் சொல்றீங்க? இங்க யாரும் பாடுறதில்ல சார். சண்டை போட்டுக்கிட்டிருந்தோம்.”

பெட்டிஃபரின் சிரிப்பு மங்கியது. ஒன்றும் புரியாமல் சுற்றிலும் பார்த்தார்.

விழுந்த பெஞ்சை டிகோரி நிமிர்த்திப் போட்டார். மெதுவாகக் கல்லாவுக்கு வந்து, காலிக் குவளையை லவ்டேவின் முன்னால் வைத்தார்.

“அவ சொல்றது சரிதான். பாட்டெல்லாம் இல்ல. இவளுக்கு ஒரு வரி கூட ஒழுங்கா வரல, கேட்டீங்கல்ல? வாராவாரம் நாங்க வந்து திருத்தித்தான் ஆகணும்.” பிறகு பெட்டிஃபரை மேலும் கீழும் பார்த்தார். “எத்தனை வருஷம்னு சொன்னீங்க? அஞ்சா? பத்தாதுங்க. இவ திருந்தணும்னா பத்தாவது போட்டு எழுதுங்க.”