திறந்தே கிடந்த வால்வு

1979 தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை காலை, அடுக்களையில் சாளை மீன் உரசிக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் ஓர் அணுமின் நிலையத்தில் விபத்து என்று வானொலியில் சொன்னார்கள். ஊர்ப் பெயரைக் கேட்டதும் கை நின்றுவிட்டது. என் தங்கை நர்சு வேலைக்குப் போய்க் குடியேறியிருந்த ஊர் அதன் பக்கத்தில்தான். அந்த நிலையத்தின் கோபுரங்கள் பின்னால் தெரிய அவள் எடுத்து அனுப்பிய படம் எங்கள் வீட்டுச் சுவரிலேயே தொங்கியது.

கர்ப்பிணிகளையும் சிறு குழந்தைகளையும் வெளியேறச் சொல்லியிருக்கிறார்கள் என்றது செய்தி. தங்கைக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

தெருமுனைப் பலசரக்குக் கடையில்தான் போன் உண்டு. மறுநாள் பூசை முடிந்து வரும்போது கடைக்கார அண்ணாச்சி வழியிலேயே மறித்தார். "ஓடுங்க, ஒங்க தங்கச்சி லைன்ல இருக்கா."

அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. "அக்கா, நான் நல்லாருக்கேன். கார்ல ரொம்ப தூரம் வந்துட்டோம். சிநேகிதர் வீட்டுல இருக்கோம்."

"பிள்ள அசையுதா?"

"அசையுது." பிறகு சொன்னாள்: "புதங்கிழம விடியமுன்னயே நடந்திருக்கு. வெள்ளிக்கிழமதான் எங்களப் போவச் சொன்னாவ. குளிர் விட்டு வெயில் அடிக்கேன்னு அந்த ரெண்டு நாளும் ஜன்னலயெல்லாம் தொறந்து போட்டுருந்தேன் அக்கா."

லைன் அறுந்த பிறகும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

என் கணவர் ஊரில் ஓர் ஆலையில் பாய்லர் பார்க்கும் வேலையில் இருந்தார். அந்த விபத்துக்கு என்ன காரணம் என்று சில மாதம் கழித்துப் பத்திரிகையில் வந்ததைப் படித்துவிட்டு, சாப்பிடும்போது சொன்னார்.

"பம்பு நின்னு சூடு ஏறியிருக்கு. மேல உள்ள வால்வு தானா தொறந்து அழுத்தத்த எறக்கியிருக்கு. அதுவரைக்கும் சரிதான். பொறவு அது மூடணும். மூடல. ஆனா கண்ட்ரோல் பலகையில அதுக்குள்ள வெளக்கு அணஞ்சிட்டு."

"அணஞ்சா மூடிட்டுன்னு அர்த்தமா?"

"அப்படித்தான் அவனுவளும் நெனச்சானுவ. அந்த வெளக்குக்கு, மூடச் சொல்லி உத்தரவு போச்சான்னுதான் தெரியுமாம். மூடுச்சான்னு தெரியாது. உலையக் குளிர வைக்கிற தண்ணி அது வழியா வெளிய போய்க்கிட்டே இருந்திருக்கு. உள்ள தண்ணி கூடிட்டுன்னு மீட்டர் தப்பா காட்டவும், ஆபத்துக்குன்னு வச்சிருந்த தண்ணியயும் அவனுவளே கொறச்சிருக்கானுவ."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. "கண்ணு தெரியாதவனுவளயா காவலுக்கு வச்சிருந்தாவ?"

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "ஏளா, நான் அங்கன நின்னிருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன்."

அன்று அவர் மேற்கொண்டு சாப்பிடவில்லை. யாரோ சில மடையர்கள் செய்த காரியம் என்று நினைத்து நான் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். அந்தத் தேறுதலும் அதோடு போயிற்று. பத்து நாள் கழித்து, உள்ளங்கையில் கொப்புளத்தோடு வேலையிலிருந்து வந்தார். தன் பாய்லரின் வால்வு நிஜமாகவே மூடியிருக்கிறதா என்று குழாயைத் தொட்டுப் பார்த்தாராம்.

ஆகஸ்டில் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. குறை ஒன்றும் இல்லை. நிலையத்திலிருந்து வெளியே வந்த கதிர்வீச்சு கொஞ்சம்தான் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அதற்குள் அவர்கள் பழைய வீட்டுக்கே திரும்பியிருந்தார்கள், வேலை அங்கேதானே. ஆனால் பிள்ளைக்குச் சாதாரணக் காய்ச்சல் வந்தாலும் தங்கை இரத்தப் பரிசோதனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவாள்.

சில வருஷம் கழித்து, அந்த அணு உலைக்குள் காமிரா இறக்கிப் பார்த்தார்கள். உள்ளே இருந்த எரிபொருளில் பாதி உருகிப்போயிருந்தது. முதல் நாள் காலையிலேயே உருகியிருக்க வேண்டும் என்றார்கள். அதுவரை அந்த நிலையத்தில் வேலை செய்தவர்களுக்கே அது தெரியாது.

தங்கை போனில் சொன்னாள்: "நாங்க தோச சுட்டுத் தின்னுக்கிட்டு இருந்த நேரம் அக்கா அது."