புஷ்பலதாவின் இரட்டைப் பாய்மரம்

திருத்தணியில் மலைப்பாதை தொடங்கும் இடத்துக்கு நாலு கடை தள்ளி, சாமி படங்களுக்கு பிரேம் போடும் கடை ஒன்று இருக்கிறது. அதை நடத்துபவள் புஷ்பலதா. அவள் புருஷன் சேட்டு ஆட்டோ ஓட்டுகிறவன். பஸ் ஸ்டாண்டிலிருந்து மலைக்கும் மலையிலிருந்து ரயிலடிக்கும் நாள் முழுக்க ஆட்களை ஏற்றி இறக்குவான். மதிய வெயில் ஏறியதும் கூட்டம் வடிந்துவிடும். அந்த நேரத்தில் கடைக்கு வந்து, கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஸ்டூலைப் போட்டுச் சாப்பிடுவான். இருபது வருஷமாக இதுதான் வழக்கம்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் அரக்கோணம் கடற்படை விமானதளத்திலிருந்து மாற்றலாகிப் போகிற ஒரு அதிகாரி, பெரிய தாள் ஒன்றை பிரேம் போடக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் காலத்துச் சரக்குக் கப்பல் ஒன்றின் வரைபடம் அது. இரண்டு பாய்மரங்கள், அவற்றிலிருந்து சிலந்தி வலைபோல இறங்கும் கயிறுகள், பக்கவாட்டில் பார்த்தால் எப்படி, மேலிருந்து பார்த்தால் எப்படி, குறுக்கே அறுத்தால் எப்படி என்று கோடுகள். ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலையை புஷ்பலதா மூன்று நாள் செய்யாமல் வைத்திருந்தாள். நாலாம் நாள் அதிகாரிக்கு போன் போட்டு, "சார், இத ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கட்டுங்களா?" என்று கேட்டாள். அவர் சிரித்துவிட்டுச் சரி என்றார்.

தாள் பெரிது என்பதால் ஜெராக்ஸ் கடைக்காரன் இரண்டு துண்டாக எடுத்து நடுவில் ஒட்டிக் கொடுத்தான்.

"இத வச்சி இன்னா பண்ணப் போற?" என்று கேட்டான் சேட்டு.

"செய்யப் போறேன்."

"எத?"

"கப்பலத்தான்."

சேட்டு சிரிக்கவில்லை. ஆனால் ஒரு மாசத்தில் விட்டுவிடுவாள் என்றுதான் நினைத்தான்.

பிரேம் கடையில் துண்டு மரத்துக்குப் பஞ்சமில்லை. பிரேமுக்கு அறுத்ததுபோக மிஞ்சும் தேக்குச் சட்டங்கள் மூலையில் குவிந்து கிடக்கும். புஷ்பலதா அவற்றைத் தேர்ந்தெடுத்து, தடிமன் ஒரு மில்லிமீட்டர், அகலம் ஐந்து மில்லிமீட்டர் எனப் பட்டை பட்டையாகச் சீவினாள். மெல்லிய பிளைவுட்டில் நீளமான அடிமரம் ஒன்றை வெட்டி, அதன்மேல் மீன் முள்போல வரிசையாக விலாக்களைச் செருகினாள். பட்டைகளை வெந்நீரில் ஊறவைத்து, சூடான இஸ்திரிப்பெட்டியின் முனையில் வைத்து வளைத்து, விலாக்களின்மேல் ஒவ்வொன்றாக ஒட்டினாள். கடை ஓய்ந்திருக்கும் மதியத்தில் மட்டும்தான் இந்த வேலை. ஒரு நாளைக்கு ஒரு பட்டை ஒட்டினால் அதிகம். சில நாள் அதுவும் இல்லை.

சாப்பிட்டுக்கொண்டே சேட்டு பார்ப்பான். பட்டையை அழுத்திப் பிடிக்கும்போது அவள் மூச்சுவிட மாட்டாள். அவனும் சோற்றுக் கையோடு அப்படியே இருந்துவிடுவான்.

ஐந்து மாதம் கழித்து இடது பக்கம் முழுக்க மூடியாயிற்று. தேக்கு நிறத்தில் அது வளைந்து போன விதத்தைச் சேட்டு சோற்றுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து வந்து பார்த்தான். மறுநாள் வந்தால், புஷ்பலதா கப்பலைத் தூக்கி ஒரு கண்ணை மூடி அடிமரத்தின் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரேம் சட்டம் வாங்கும்போது கோணல் இருக்கிறதா என்று அப்படித்தான் பார்ப்பாள்.

"இன்னா ஆச்சி?"

"அடிமரம் வளைஞ்சி போச்சிங்க. ஒரு பக்கமே ஒட்டிகினு வந்தேன் இல்ல, அந்தப் பக்கம் இழுத்துடுச்சி. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணுன்னு மாத்தி மாத்தி ஒட்டியிருக்கணும்."

சேட்டு வாங்கிப் பார்த்தான். எவ்வளவு உற்றுப் பார்த்தும் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் நூலைப் பிடித்துக் காட்டிய பிறகுதான், நடுவில் ஒரு நெல் அகலத்துக்கு விலகியிருப்பது தெரிந்தது.

"இதுக்கா? வுடு. இத யாரு தண்ணில வுடப் போறா?"

"வுட மாட்டோம். ஆனா வுட்டா நேராப் போவணும் இல்ல."

அன்றைக்கே பிரிக்க ஆரம்பித்தாள். வெந்நீரில் துணியை நனைத்துப் பட்டையின்மேல் போட்டுப் பசை இளகும்வரை காத்திருந்து, மெல்லிய கத்தியை நுழைத்து நெம்பினாள். ஐந்து மாதம் ஒட்டியது நாலு நாளில் கழன்று வந்தது. முப்பத்தெட்டுப் பட்டைகள். ஒவ்வொன்றின் முதுகிலும் பென்சிலால் எண் போட்டுக் கட்டி வைத்தாள். முகத்தில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. படத்தில் கண்ணாடியைத் தப்பாக வைத்துவிட்டால் எடுத்து மாற்றுவாளே, அப்படி.

அந்த நாலு நாளும் சவாரியின் நடுவே அவள் கை சேட்டுவின் கண்ணில் வந்து நின்றது. ஐந்து மாதத்தை இப்படிக் கழற்றி வைக்க ஒருத்தியால் முடியும் என்றால், இத்தனை வருஷம் கூட இருந்தும் இவளைப் பற்றித் தனக்கு என்ன தெரியும் என்று நினைத்தான். அதன்பிறகு ஒரு மாசத்தில் விட்டுவிடுவாள் என்ற நினைப்பு அவனுக்கு வரவேயில்லை.

மறுபடி இடது ஒன்று, வலது ஒன்று என ஒட்டி முடிக்க ஒரு வருஷம் ஆனது. அப்புறம் மேல்தளம், பாய்மரங்கள், அவற்றின் குறுக்குக் கட்டைகள், துணிப் பாய்கள். கயிற்றுக்கு அவள் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. அம்மையார்குப்பத்தில் தறி ஓடும் வீட்டில் பிறந்தவள். அண்ணன் குமரேசனிடம் போய்ப் பருத்தி நூல் வாங்கி வந்து, மூன்று இழையைச் சேர்த்து முறுக்கி, பிசிறு கருக விளக்குச் சுடரில் ஒரு இழுப்பு இழுத்து, தேன்மெழுகு தேய்த்தாள். கையில் வைத்தால் நிஜக் கயிறு தூரத்தில் கிடப்பதுபோல இருந்தது. கயிறு ஓடுவதற்கான கப்பிகளைச் செதுக்கினாள். ஒவ்வொன்றும் அரிசியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அதில் ஊசியால் துளை. ஒருநாள் ஒரு கப்பி கீழே விழுந்து, இரண்டு பேரும் போன் வெளிச்சத்தில் தரையில் தவழ்ந்து தேடினார்கள்.

எண்ணெய் பூசிய நாளைப் பற்றிச் சேட்டு இப்போதும் சொல்லுவான். அதுவரை கப்பல் தூசி படிந்த மாதிரி வெளுத்துத்தான் இருந்தது. புஷ்பலதா ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு முன்பக்கத்திலிருந்து ஒரே இழுப்பாகப் பின்பக்கம்வரை தடவினாள். துணி போன வழியெல்லாம் மரம் கண் விழித்தது. வேறு வேறு சட்டங்களிலிருந்து வந்த பட்டைகள்; ஒன்று தேன் நிறம், ஒன்று கருப்பட்டி நிறம், ஒன்றில் தீக்கோடு மாதிரி ரேகை. இத்தனை நிறம் அதற்குள் இருந்தது அவனுக்குத் தெரியாது.

"இதெல்லாம் உள்ளயே இருந்துச்சா?" என்று கேட்டான்.

"ஆங். எண்ணெ பட்டாதான் தெரியும்."

வேலை முடிந்தது போன வருஷம் ஆவணியில். அலமாரியில் கண்ணாடிக்குப் பின்னால் கப்பல் நின்றது. படம் வாங்க வருகிறவர்கள் பார்ப்பார்கள், அழகாயிருக்கிறது என்பார்கள், முருகன் படத்தை வாங்கிக்கொண்டு போவார்கள்.

தை மாதத்தில் ஒருநாள் மலையிலிருந்து இறங்கிய பெரியவர் ஒருவர் சேட்டுவின் ஆட்டோவில் ஏறினார். டில்லிபாபு என்று பேர், அரக்கோணத்தில் வீடு. பழைய படம் ஒன்றுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்றதால் சேட்டு நேராகத் தன் கடைக்கே கூட்டி வந்தான். உள்ளே நுழைந்தவர் கையிலிருந்த படத்தைக் கொடுக்க மறந்து அலமாரியின் முன்னால் நின்றுவிட்டார்.

"இத யாரும்மா செஞ்சது?"

"நான்தாங்க."

அவர் கடற்படையில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவர். அதில் மூன்று வருஷம் பயிற்சிப் பாய்மரக் கப்பலில், கயிறு இழுக்கிற வேலை. புஷ்பலதா கப்பலை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அவர் தொடாமல் விரலை மட்டும் கயிறுகளின் கூடவே நகர்த்திக்கொண்டு போனார். பின்பக்கத்துப் பாய்மரத்தின் உச்சியிலிருந்து முன்னால் இறங்கும் தடித்த கயிறு ஒன்றில் விரல் நின்றது.

புஷ்பலதா உடனே, "அது தப்புங்களா சார்?" என்றாள். "ஜெராக்ஸ் ஒட்டின எடத்துல அந்தக் கோடு மறைஞ்சி போச்சி. எங்க கொண்டாந்து கட்டறதுன்னு தெரில. நாலு நாள் யோசிச்சேன். எதிர்காத்து அடிச்சா மரம் பின்னால சாயும், அப்ப முன்னாலதான இழுத்துப் புடிக்கணும். முன் மரத்தோட அடிதான் கெட்டியான எடம். அதான் அங்க கட்டிட்டேன்."

டில்லிபாபு அவளைப் பார்த்தார். "அங்கதாம்மா நாங்களும் கட்டுவோம்," என்றார். பிறகு கேட்டார்: "கடல்ல போயிருக்கியா?"

"மெட்ராசுக்கு ரெண்டு தபா போயிருக்கேன். ரெண்டு தபாவும் அலைலதான் நின்னேன்."

பெரியவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கு இத ஒரு ஆபீசர் கத்தி கத்திச் சொல்லிக்குடுத்தாரும்மா," என்றார். "நீ இங்க உக்காந்துகினு காத்தக் கண்டுபுடிச்சிருக்க."

சேட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அதற்குள் புஷ்பலதா சின்ன இடுக்கியை எடுத்து, கப்பலின் விளிம்பில் கட்டியிருந்த ஒரு நூலை அவிழ்த்தாள். முன் மரத்தின் குறுக்குக் கட்டை பாயோடு மெல்லக் கீழே இறங்கியது. நூலை இழுத்தாள். அரிசிக் கப்பிகளின் வழியாக நூல் ஓட, கட்டை மறுபடி ஏறியது. பாய் விரிந்தது.

"இது ஏறுமா?" என்றான் சேட்டு. வாசலை விட்டு மேஜை அருகே வந்துவிட்டான்.

"எல்லாக் கயிறும் வேலை செய்யுங்க. சும்மா கட்டலியே."

"எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"நீங்க கேக்கவே இல்லியே."

டில்லிபாபு கிளம்பும்போது மணி மூன்றைத் தாண்டிவிட்டது. கண்ணாடி மாற்றிய படத்தை வாங்கிக்கொண்டவர், அடுத்த முறை தன்னோடு கப்பலில் இருந்த இரண்டு பேரையும் கூட்டி வருவதாகச் சொன்னார். வேறொரு ஆட்டோ பிடித்து ரயிலடிக்குப் போய்விட்டார். சேட்டுதான் போகாமல் நின்றான்.

"நான் ஒரு தபா இழுக்கட்டா?"

புஷ்பலதா நூலை அவிழ்த்து அதன் நுனியை அவன் விரல்களுக்கு நடுவே வைத்தாள். "மெதுவா. அதுவே வரும்."

ஆட்டோ ஹேண்டில் பிடித்துக் காய்த்த விரல்கள். நூல் இருப்பதே முதலில் தெரியவில்லை. அப்புறம் அந்த முனையில் ஒரு சின்ன பாரம் தெரிந்தது. இழுத்தான். குறுக்குக் கட்டை ஏறியது.

அந்த நேரம் பொதட்டூர்பேட்டைக் குடும்பம் ஒன்று வள்ளி தெய்வானை படம் கேட்டு உள்ளே வந்தது. புஷ்பலதா அவர்களிடம் போய், எந்த அளவு வேண்டும், தங்கக் கலர் பிரேமா மரக் கலரா என்று விசாரிக்க ஆரம்பித்தாள். விட்டால் பாய் விழுந்துவிடும். கட்டவும் சேட்டுக்குத் தெரியாது. வெளியே யாரோ அவனுடைய ஆட்டோவைத் தட்டிக் கூப்பிட்டார்கள். அவன் திரும்பவில்லை. நூலை இரண்டு விரலால் பிடித்தபடி, விரிந்த பாயைப் பார்த்துக்கொண்டு, அவள் வரும்வரை நின்றான்.