தலைகீழாய் நட்ட பூண்டு

எங்கள் மலைக்கிராமமான போளூர் என்றதும் என் கண்முன் வருவது, அம்மா முதுகுக்குப் பின்னால் கைகளைக் கட்டிக்கொண்டு எங்கள் பூண்டுத் தோட்டத்து வரப்பில் நின்ற காட்சிதான். நான் திண்டாடும்போது இவள் நின்று வேடிக்கை பார்க்கிறாளே என்று அந்தப் பத்து வயதில் எனக்கு அத்தனை கோபம்.

அப்பா நேர்மாறு. எனக்குத் தலை பின்னிவிடுவார். பள்ளிக்கூடம் போகும் வழியில் முழங்கால் ஆழம்கூட இல்லாத ஓடையை என்னைத் தோளில் தூக்கித்தான் தாண்டுவார். என்னைவிடச் சின்னதுகள் தண்ணீரில் குதித்துக்கொண்டே எங்களைப் பார்த்துச் சிரிக்கும். ஐம்பதுகளின் கடைசி அது. ஐந்தாம் வகுப்புக்கு மேல் ஊரில் படிப்பில்லை. செண்பகனூர் விடுதியில் தங்கிப் படிக்க எனக்குக் கொள்ளை ஆசை.

"தலைகூடப் பின்னத் தெரியாத பிள்ள, ஆஸ்டல்ல போயி என்ன செய்யும்?" என்றார் அப்பா.

"விட்டாத்தானங்க தெரியும்," என்றாள் அம்மா.

ஒரு பாத்திப் பூண்டை நானே நட்டு, நானே விளைய வைத்தால் விடுதி என்று முடிவானது.

பூண்டுப் பல்லின் வேர்ப்பக்கம் கீழே இருக்கவேண்டும். மலைக்காட்டுப் பிள்ளைக்கு இதுகூடவா தெரியாது என்று கேட்காதீர்கள். அதுவரை என் பங்கையும் அப்பாவே நட்டுவிடுவார். பாத்தி முழுவதையும் தலைகீழாக ஊன்றினேன். மறுநாள் அதைத் திருப்பி நடக் குனிந்த அப்பாவை அம்மா பிடித்துவிட்டாள்.

"அவ சோலிய அவ பாக்கட்டும். நீங்க வெரசா வாங்க."

மற்ற பாத்திகள் பச்சை கட்டின. என்னுடையது மொட்டையாகக் கிடந்தது. ஒன்றைத் தோண்டிப் பார்த்தேன். முளை கீழே போய், வளைந்து, மேலே வர வழி தேடிக்கொண்டிருந்தது. விடுதி போச்சு என்று ஓவென்று அழுதேன். அம்மா அசையவில்லை. அழுது ஓய்ந்ததும் ஒவ்வொன்றாக எடுத்து நானே நிமிர்த்தி நட்டேன். விளைந்தது என்னவோ கோலிக்குண்டு அளவுதான், கழுத்தெல்லாம் கோணல். அப்பா அதை அடுப்புப் புகையில் கொத்தாகத் தொங்கவிட்டு, வந்தவர் போனவரிடமெல்லாம் "எம்மக வெளைய வச்சது" என்று பீற்றிக்கொண்டார்.

விடுதி வாசலில் டிரங்குப் பெட்டியை அவர் விடவே இல்லை.

"குடுத்துருங்க, அவ தூக்கட்டும்," என்றாள் அம்மா, வழக்கம்போல கை பின்னால்.

சரியான கல்நெஞ்சுக்காரி என்று மனதுக்குள் திட்டியபடி பெட்டியை இழுத்துக்கொண்டு படியேறித் திரும்பிப் பார்த்தேன். இருவரும் நடக்கத் தொடங்கியிருந்தார்கள். அவள் அப்படிக் கை கட்டி நிற்பதை அதுவரை முன்னாலிருந்துதான் பார்த்திருக்கிறேன். இடக்கை வலக்கையின் மணிக்கட்டை, விட்டால் ஓடிப்போய்விடும் என்பதுபோல இறுக்கிப் பிடித்திருந்தது.

போன வாரம் என் பேத்தி மொட்டைமாடித் தொட்டியில் பூண்டு நட்டாள். அத்தனையும் தலைகீழ். நான் பக்கத்தில் நின்று, என் மணிக்கட்டைப் பின்னால் பிடித்துக்கொண்டேன். அப்படி ஒரு வலி வலித்தது.